வாசகர் கேள்வி – பதில்: பூஞ்சை வளர்க்கும் கறையானுக்குப் பெயர் சூட்டுவது எப்படி?

சென்ற இதழில் வெளியான கறையான் கட்டுரையைத் தொடர்ந்து வந்த கேள்விகளில், சிற்றினங்களை அடையாளம் காண்பது பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டுள்ளோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து விடையளித்திருக்கிறோம்.

கேள்வி: கறையான்கள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. இது பூஞ்சை வளர்க்கும் கறையான் என்று முதலில் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கறையானைப் பார்ப்பதைவிட அதன் கூட்டுக்குள் இருப்பதைப் பார்த்தால் இதற்கு எளிதில் விடை கிடைத்துவிடும். பூஞ்சை வளர்க்கும் கறையானின் கூட்டை உடைத்தால், மண் அறைகளுக்குள் தேனடையின் சாயலில் மடிப்பு மடிப்பாக, பழுப்பு நிறத்தில் எடையற்ற ஒரு பொருள் இருக்கும். மென்று விழுங்கிய தாவரப் பொருளைக் கறையான்கள் கழிவாக வெளியேற்றி, அடுக்கி அடுக்கிக் கட்டிய பூஞ்சை அடை அது. அதன் மேல் 1 முதல் 2 மில்லிமீட்டர் அளவில், ஜவ்வரிசியைச் சிந்தியது போல வெள்ளை உருண்டைகள் ஒட்டியிருக்கும். டெர்மிட்டோமைசிஸ் என்னும் பூஞ்சையின் முடிச்சுகள் அவை. அடையும் முடிச்சும் ஒருங்கே இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. முடிச்சில்லாத அடையைக் கண்டால் மட்டும் சற்று நிதானிக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் வாழும் ஸ்பீரோடெர்மிஸ் என்னும் கறையான் அடை கட்டும், ஆனால் அதில் பூஞ்சை வளர்ப்பதில்லை.

உலகில் இதுவரை விவரிக்கப்பட்டுள்ள ஏறத்தாழ 3000 கறையான் சிற்றினங்களில் சுமார் 330 மட்டுமே பூஞ்சை வளர்ப்பவை. மேக்ரோடெர்மிடினே என்னும் துணைக்குடும்பத்தைச் சேர்ந்த இவை ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் மட்டுமே உள்ளன. அமெரிக்கக் கண்டங்களிலோ ஆஸ்திரேலியாவிலோ இயல்பாகக் காணப்படுவதில்லை. இந்தப் பூஞ்சைத் தோட்டத்தை முதன்முதலில் அறிவியல் உலகுக்கு எழுதிக் காட்டியவர், தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து தென்னிந்தியாவில் பணியாற்றிய ஜொஹான் கெர்ஹார்ட் கோனிக். அவர் எழுதியது 1779-இல். பூஞ்சைக்கு டெர்மிட்டோமைசிஸ் என்ற பேரினப் பெயரை பிரெஞ்சுப் பூஞ்சையியலாளர் ரோஜே ஐம் சூட்டியது 1942-இல். தோட்டத்தைக் கண்ட பிறகு, அதில் விளைவதற்கு உரிய பெயர் கிடைக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது என்பதை அடுத்து வரும் கேள்விகளைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: அடையாளம் காண்பதற்குச் சிப்பாய்க் கறையானைத்தான் கேட்கிறார்கள். கூட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கும் வேலைக்காரக் கறையான்கள் ஏன் போதாது?

பதில்: வேலைக்காரக் கறையானின் உடல் பெரும்பாலும் மென்மையானது, நிறம் குறைந்தது, ஒரு சிற்றினத்துக்கும் இன்னொன்றுக்கும் இடையில் கண்ணுக்குப் புலப்படும் வேறுபாடு மிகக் குறைவு. அதன் தாடைப் பற்களையும் குடலின் சுருள் அமைப்பையும் வைத்துப் பேரினம் வரை சொல்லிவிடும் வல்லுநர்கள் இருக்கிறார்கள் என்றாலும், அதற்குக் குடலைப் பிரித்தெடுக்கும் கைப்பழக்கம் வேண்டும். சிப்பாயோ காவலுக்கென்றே அமைந்த உடல். அதன் தலை கெட்டியானது, தாடை நீண்டது. இவ்விரண்டின் வடிவமும் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறுகிறது. சாராயத்தில் பல ஆண்டுகள் கிடந்தாலும் அந்தத் தலையின் வடிவம் கெடுவதில்லை.

நுண்ணோக்கியின் கீழ் ஒரு சிப்பாயை மல்லாத்தாமல், முதுகுப்புறம் மேலே தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இடத் தாடையைப் பாருங்கள். உள்விளிம்பில் முள்போல ஒரு பல் தெளிவாக நீட்டிக்கொண்டிருந்தால் தங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஓடோன்டோடெர்மிஸ். கிரேக்கத்தில் 'ஓடோன்' என்பதே பல்லைக் குறிக்கும் சொல். பெயரிலேயே அடையாளம் இருக்கிறது. வலத் தாடையிலும் ஒரு பல் உண்டு, ஆனால் அது மிகச் சிறியது, அடிப்பகுதியில் ஒளிந்திருக்கும். தொடக்கத்தில் பலரும் தடுமாறும் இடம் இதுதான்: இறக்கும் தறுவாயில் சிப்பாய் தாடைகளைக் கத்தரிக்கோல் போலக் குறுக்கே மூடிக்கொண்டு விடுவதால் இடத் தாடையின் பல் வலத் தாடைக்குக் கீழே மறைந்துவிடுகிறது. மெல்லிய ஊசியால் தாடைகளை விலக்காமல், பல் இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

தாடையில் குறிப்பிடத்தக்க பல் இல்லை, சிப்பாய்கள் பெரியதும் சிறியதுமாக இரு அளவுகளில் இருக்கின்றன, மேலுதட்டின் நுனியில் ஒளி ஊடுருவும் வெள்ளை முனை ஒன்று உள்ளது என்றால் அது மேக்ரோடெர்மிஸ். தலை மிகச் சிறியது, தாடைகள் மெலிந்து வளைந்தவை, சிப்பாயே தேடித் தேடித்தான் கிடைக்கிறது என்றால் மைக்ரோடெர்மிசை நினைக்கலாம். ஹைப்போடெர்மிசின் தாடைப் பல் இருப்பதும் இல்லாததும் தெரியாத அளவுக்குச் சிறியது. ஆசியாவில் பேரினம் வரை செல்வதற்குப் பெரும்பாலும் இவ்வளவே போதும். ஆப்பிரிக்காவில் இன்னும் பல பேரினங்கள் இருப்பதால் அங்கே பட்டியல் நீளும்.

பேரினத்தைத் தாண்டிச் சிற்றினத்துக்குள் நுழையும்போதுதான் அளவுகோல் கைக்கு வருகிறது. தலையின் நீளம், அகலம், அவ்விரண்டின் விகிதம், இடத் தாடையின் நீளம், அதன் நுனியிலிருந்து பல் எவ்வளவு தொலைவில் உள்ளது, அந்தத் தொலைவைத் தாடையின் நீளத்தால் வகுத்தால் வரும் எண், தலையின் அடிப்புறத்திலுள்ள மோவாய்த் தகட்டின் அகலம், முன்மார்புத் தகட்டின் வடிவம், உணர்கொம்பின் கணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை, படிப்படியாகக் கேள்வி கேட்டுப் பெயருக்கு இட்டுச்செல்லும் அடையாளத் திறவுகோல்கள் கேட்கும். கணுக்களை எண்ணும்போது மூன்றாவது கணுவில் கவனம் வேண்டும்; அது சில சிப்பாய்களில் அரைகுறையாகப் பிரிந்திருப்பதால் ஒருவர் 16 என்றும் இன்னொருவர் 17 என்றும் எண்ணுவது உண்டு. கொம்பின் நுனி ஒடிந்திருந்தால் எண்ணாமல் விட்டுவிடுவதே நேர்மை.

கேள்வி: ஒரே புற்றிலிருந்து எடுத்த 10 சிப்பாய்களை அளந்தேன். சில ஒரு சிற்றினத்துக்கும் சில வேறொன்றுக்கும் பொருந்துகின்றன. என் அளவீடு தவறா?

பதில்: தவறாக இருக்க வேண்டும் என்பதில்லை. தங்களைப் போலவே தொழில்முறை வகைப்பாட்டியலாளர்களும் ஓடோன்டோடெர்மிசில் இதே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். பூஞ்சை வளர்க்கும் கறையான் சிற்றினங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே பேரினத்தில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. பழைய விவரிப்புகளில் சில, மிகக் குறைந்த எண்ணிக்கையிலான மாதிரிகளை வைத்து எழுதப்பட்டவை. மூன்று நான்கு சிப்பாய்களை அளந்து எழுதிய எல்லைக்குள், புற்று முழுவதும் அடங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இருந்தாலும் மூன்று காரணங்களைத் தாங்கள் முதலில் விலக்கிப் பார்க்க வேண்டும். புதிதாகத் தொடங்கிய குடியிருப்பின் முதல் சிப்பாய்கள், முதிர்ந்த குடியிருப்பின் சிப்பாய்களைவிடச் சிறியவை. சிறிய புற்றிலிருந்து எடுத்த மாதிரி என்றால் அளவு குறைந்திருப்பதில் வியப்பில்லை. இரண்டாவது, தலை நுண்ணோக்கியின் கீழ் சற்றே சாய்ந்திருந்தாலும் நீளம் குறைவாக வரும். மணலையோ கண்ணாடி மணிகளையோ பரப்பி, அதில் தலையைக் கிடையாகப் பதித்து, ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்து பாருங்கள். மூன்றாவது காரணம்தான் சுவையானது. ஒரு புற்றில் ஒரு சிற்றினம்தான் இருக்கும் என்ற நம் எண்ணத்தைக் கறையான்கள் மதிப்பதில்லை. ஓடோன்டோடெர்மிஸ் கட்டிய புற்றின் சுவர்களுக்குள்ளேயே மைக்ரோடெர்மிஸ் சிறு சிறு அறைகள் அமைத்துத் தனக்கான அடையை வளர்ப்பது நன்கு அறியப்பட்ட செய்தி. அதனால் புற்றை உடைத்து மொத்தமாக அள்ளிப் புட்டியில் போடாமல், எந்த அறையிலிருந்து எடுத்தோமோ அந்த அறைக்கென ஒரு தனிப் புட்டியும் ஒரு தனிச் சீட்டும் வைத்திருக்க வேண்டும்.

இவை மூன்றையும் விலக்கிய பின்னும் குழப்பம் நீடித்தால், பேரினப் பெயரோடு நிறுத்திக்கொண்டு 'இனம் உறுதி செய்யப்படவில்லை' என்று எழுதுங்கள். அப்படி எழுதுவதில் இழுக்கு எதுவும் இல்லை. தவறான சிற்றினப் பெயர் செய்யும் தீங்கு எவ்வளவு என்பதை டி.என்.ஏ. பற்றிய கேள்வியில் பார்க்கலாம்.

கேள்வி: மாதிரிகளை ஃபார்மலினில் வைத்திருக்கிறேன். டி.என்.ஏ. எடுக்க முடியுமா?

பதில்: முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்மலின் டி.என்.ஏ. இழைகளைப் புரதங்களோடு பிணைத்துத் துண்டாக்கிவிடும். வடிவத்தைப் பார்க்க மட்டும் அந்த மாதிரிகள் உதவும். டி.என்.ஏ.வுக்கு 95 விழுக்காட்டுக்குக் குறையாத எத்தனால் வேண்டும். கறையான் உடலிலுள்ள நீர் எத்தனாலை நீர்க்கச் செய்துவிடுவதால் மறுநாளே அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். ஆனால் இவ்வளவு செறிவான எத்தனாலில் உடல் விறைத்து உணர்கொம்பு ஒடியும். எனவே அதே அறையின் சிப்பாய்கள் சிலவற்றை 80 விழுக்காட்டு எத்தனாலில் தனியே வைத்துக்கொண்டால் அளவீட்டுக்கு வசதி. சீட்டைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

கேள்வி: ஓர் ஆய்வகத்தில் டி.என்.ஏ. வரிசை பார்த்ததில் 'ஓடோன்டோடெர்மிஸ் ஒபீசஸ், 99.1 விழுக்காடு பொருத்தம்' என்று விடை வந்துள்ளது. இனி உடலமைப்பைப் பார்க்கத் தேவையில்லை அல்லவா?

பதில்: தேவை இருக்கிறது. இந்தத் தொகுப்பில் மிக அதிகமானோர் கேட்ட கேள்வி இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சிப்பாயின் இரண்டு மூன்று கால்களைக் கிள்ளி எடுத்து, அவற்றைக் கரைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் மரபணுவின் முதல் துணையலகிலிருந்து ஒரு துண்டை பி.சி.ஆர். முறையில் பெருக்குகிறார்கள். விலங்குகளுக்குப் பொதுவான பட்டைக்குறியாகப் பயன்படும் அந்தத் துண்டு 658 எழுத்துகள், அதாவது டி.என்.ஏ.வின் அடிப்படை அலகுகள், கொண்டது. ஆய்வகம் தங்கள் கறையானின் 658 எழுத்துகளையும், பொதுத் தரவகத்தில் ஏற்கெனவே யாரோ சேர்த்து வைத்திருக்கும் வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறது. 6 இடங்களில் எழுத்து மாறியிருக்கிறது; 652 இடங்களில் ஒத்திருக்கிறது. 99.1 என்பது அவ்வளவுதான். தங்கள் கறையானின் வரிசை, 'ஒபீசஸ்' என்று பெயரிட்டுச் சேர்க்கப்பட்ட ஒரு வரிசையை மிகவும் ஒத்திருக்கிறது என்பது அதன் பொருள். அந்தப் பெயரை வரிசையின் மேல் எழுதியவர் சிப்பாயின் தாடையை விலக்கிப் பார்த்தாரா, வேலைக்காரக் கறையானை மட்டும் வைத்து ஊகித்தாரா, அதற்கு முன் தரவகத்தில் கிடந்த வேறொரு தவறான பெயரைப் பார்த்துத் தானும் அதையே எழுதினாரா என்பதை அந்த எண் சொல்லாது. டி.என்.ஏ.வில் பெயர் எழுதியிருப்பதில்லை. பெயர் எப்போதும் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மூலமாதிரியோடும் (அந்தப் பெயருக்கு அடிப்படையாக வைக்கப்பட்ட மாதிரி), அதன் உடலமைப்பு விவரிப்போடும் கட்டப்பட்டது. வரிசைக்குப் பெயர் வருவது அந்த வழியாகத்தான். தரவகங்களில் கறையான் வரிசைகள் தவறான பெயரில் கிடப்பது அரிதான நிகழ்வு அல்ல. ஒரே வரிசை இரண்டு மூன்று பெயர்களில் இருப்பதை ஒப்பீட்டு விடையின் முதல் பத்து வரிகளைக் கீழே இறக்கிப் பார்த்தாலே கண்டுகொள்ளலாம். தங்கள் அறிக்கையிலும் முதல் வரியோடு நிறுத்தாமல் அடுத்த வரிகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

எத்தனை விழுக்காடு வேறுபட்டால் வேறு சிற்றினம் என்பதற்கும் பொதுச் சட்டம் கிடையாது. 2 அல்லது 3 விழுக்காடு என்ற எல்லையைப் பலர் கைக்கணக்காக வைத்துக்கொள்கிறார்கள். 658 எழுத்துகளில் 2 விழுக்காடு என்பது 13 எழுத்து. 12 எழுத்து மாறினால் ஒரே இனம், 14 மாறினால் வேறினம் என்று இயற்கை கோடு போட்டு வைக்கவில்லை. ஓர் இனத்தின் உள்ளே காணும் அதிகபட்ச வேறுபாட்டுக்கும், அண்டை இனத்தோடு காணும் குறைந்தபட்ச வேறுபாட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்பதைப் பல புற்றுகளின் வரிசைகளைச் சேர்த்து, எது எதற்கு நெருங்கிய உறவு என்று காட்டும் மரபுவழி மரம் வரைந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வரிசையே பொய் சொல்லும் சந்தர்ப்பங்களும் உண்டு. மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் பழைய பிரதிகள் சில வேளைகளில் உட்கருவின் டி.என்.ஏ.வுக்குள் புகுந்து பயனின்றிக் கிடக்கும், பி.சி.ஆர். அந்தப் பிரதியைப் பெருக்கிக் கொடுத்துவிட்டால் நாம் ஒப்பிடுவது வேறொன்றை. வரிசையைப் புரதமாக மொழிபெயர்த்துப் பார்க்கையில் புரதம் இங்கே முடிகிறது என்னும் நிறுத்தற் குறி நடுவிலேயே வந்தால் சந்தேகப்பட வேண்டும். வயிற்றுப் பகுதியை அரைத்து டி.என்.ஏ. எடுத்தால் குடலிலுள்ள பூஞ்சை, பாக்டீரியா, மென்று தின்ற தாவரம் என்று எல்லாமே கலந்து வரும். கால்களை மட்டும் எடுக்கச் சொல்வது அதனால்தான். கால்களை எடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. வரிசை எடுத்த அதே சிப்பாயின் தலை முழுதாக நம்மிடம் மிஞ்சும். நாளைக்கு யாருக்கேனும் ஐயம் எழுந்தால் அதே தலையை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டலாம். சான்று மாதிரி இல்லாத வரிசையை, எத்தனை விழுக்காடு பொருந்தினாலும், பெயரில்லாத வரிசையாகவே கருதுவது என் வழக்கம்.

மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டுமே வருவது என்பதால், இரு இனங்கள் கலந்து பிறந்த வழித்தோன்றலில் தந்தையின் பங்கு அதில் தெரியாது. ஆகவே மைட்டோகாண்ட்ரியாவின் வேறு மரபணுக்களோடு உட்கருவின் மரபணு ஒன்றையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

இவ்வளவு சொன்னதால் டி.என்.ஏ. வேண்டாம் என்று பொருளல்ல. உடலமைப்பு ஏமாற்றும் இடத்தில் அது கைகொடுத்ததற்கு ஹைப்போடெர்மிஸ் நல்ல எடுத்துக்காட்டு. தாடையை வைத்துத் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்ட அது, மரபுவழி மரங்களில் ஓடோன்டோடெர்மிசின் கிளைகளுக்கு நடுவிலேயே போய் அமர்கிறது. அதாவது தாடைப் பல் சிறுத்துப்போன ஓடோன்டோடெர்மிசாகத்தான் அதைக் கருத வேண்டும்போலும். எந்த அளவுகோலும் இதைக் காட்டியிருக்காது.

கேள்வி: பூஞ்சை ஒவ்வொரு கறையானுக்கும் தனித்தனி என்றால், அந்தப் பூஞ்சையிலிருந்து புற்றின் மேல் முளைக்கும் காளானை வைத்தே கறையானின் இனத்தைச் சொல்லிவிடலாமே?

பதில்: கேள்வியின் முற்பாதி சரியாக இருந்திருந்தால் பிற்பாதியும் சரியாகியிருக்கும். பூஞ்சை வளர்ப்பு ஒரே ஒரு முறைதான் தோன்றியது, அதுவும் ஆப்பிரிக்காவில், ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று கறையான், பூஞ்சை ஆகிய இரண்டின் டி.என்.ஏ.வும் காட்டுகின்றன. அதன் பிறகு இணைகள் மாறாமல் இருக்கவில்லை. பேரின அளவில் ஓரளவு பொருத்தம் தெரிகிறது. சிற்றின அளவில் ஒரே பூஞ்சை வகை பல கறையான்களிடத்திலும், ஒரே கறையானிடம் இடத்துக்கு இடம் வேறு பூஞ்சையும் காணப்படுகின்றன.

பெரும்பாலான கறையான்கள் பூஞ்சையைப் பெற்றோரிடமிருந்து பெறுவதில்லை என்பதே இதற்குக் காரணம். புதுக் குடியிருப்பின் முதல் வேலைக்காரர்கள் வெளியே சென்று, காளான்கள் உதிர்த்த வித்துகளைத் தீவனத்தோடு சேர்த்துக் கொண்டுவருகின்றன; யாருடைய புற்றில் முளைத்த காளானின் வித்து என்று அவை பார்ப்பதில்லை. விலக்காக மைக்ரோடெர்மிசில் எதிர்கால ராணியும், ஆப்பிரிக்காவின் மேக்ரோடெர்மிஸ் பெல்லிகோசசில் எதிர்கால ராஜாவும் பறந்து போகும்போதே பூஞ்சையைக் குடலில் சுமந்து செல்கின்றன. அங்கேகூடப் பொருத்தம் எப்போதும் மாறாதது என்று சொல்ல இயலாது. காளானைக் குறித்து வையுங்கள், படம் எடுங்கள். சாட்சியாக மட்டும் நிறுத்துங்கள்.

கேள்வி: புற்றின் வடிவத்தை வைத்து?

பதில்: துணைச் செய்தியாக எழுதிக்கொள்ளலாம். மண்ணின் தன்மை, மழை, நிழல், புற்றின் வயது ஆகியவற்றால் ஒரே சிற்றினத்தின் புற்று வெவ்வேறு வடிவம் கொள்கிறது. தவிர, பூஞ்சை வளர்க்கும் கறையான்களில் பல புற்றே எழுப்பாமல் தரைக்குக் கீழேயே வாழ்பவை.

கேள்வி: என்னிடம் இருப்பவை மழைக்குப் பின் விளக்கொளிக்கு வந்த ஈசல்கள் மட்டும். அவற்றை வைத்து ஏதேனும் செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஈசலில் கண்ணின் விட்டம், தனிக்கண்ணுக்கும் கூட்டுக்கண்ணுக்கும் இடையிலான தூரம், நெற்றித்துளையின் வடிவம், இறகின் நீளமும் நிறமும், முன்மார்புத் தகட்டில் உள்ள வெளிர்ப் புள்ளிகள் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இறகு உதிர்வதற்குள் எத்தனாலில் போடுங்கள். நாளையும், வெளிவந்த நேரத்தையும் மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அருகருகே வாழும் இனங்கள் வெவ்வேறு நேரங்களில் பறப்பதுண்டு. சிக்கல் என்னவென்றால், விளக்கடியில் கிடைத்த ஈசல் எந்தப் புற்றிலிருந்து வந்தது என்று அதன் உடலைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. சில சிற்றினங்களுக்கு ஈசலை மட்டும் பார்த்துப் பெயர் வைத்துவிட்டார்கள். வேறு சிலவற்றுக்குச் சிப்பாயை மட்டும் பார்த்து. இரண்டு பெயர்களும் ஒரே கறையானுடையவையா என்ற வினா பல இடங்களில் இன்னும் திறந்தே கிடக்கிறது.

டி.என்.ஏ.வின் உண்மையான வலிமையை நான் காண்பது இந்த இடத்தில்தான். ஒரே இனத்தின் ஈசலும் சிப்பாயும் தோற்றத்தில் எவ்வளவு வேறுபட்டாலும் அவற்றின் வரிசை ஏறத்தாழ ஒன்றே. தங்கள் ஈசலின் காலிலிருந்து எடுத்த 658 எழுத்துகள், அருகிலுள்ள ஒரு புற்றின் சிப்பாயினுடையவற்றோடு பொருந்தினால் இருவரும் ஓரினத்தவர் என்பதற்கு அது வலுவான சான்று. பிறகு அந்தச் சிப்பாயின் தலையை அளந்து பெயரைத் தேடலாம். எனவே ஈசல்களைப் பத்திரப்படுத்திவிட்டு, சுற்றுவட்டத்திலுள்ள புற்றுகளிலிருந்து அறைக்கு ஐந்தாறு சிப்பாய்களையும் எடுத்து வையுங்கள்.